பாவு போட்ட தெருவில் ஒரு ஜீப்

ராஜவேலு அண்ணனைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதினால் ஏனாத்தூர்க்காரர்கள் காறித் துப்புவார்கள். துப்பட்டும். ஒருவர் எவ்வளவு நல்லவர் என்பது அவரை ஏமாற்றியவனுக்குத்தான் சரியாகத் தெரியும். ஏமாற்றியவன் நான். பெயர் சிவபாலன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாலு பட்டுத்தறி ஓடுகிற வீட்டுக்காரன். நெற்றியில் பட்டையாக விபூதி, பேச்சில் பணிவு. பார்க்கிறவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள்.

ஏனாத்தூர் போகிற சாலையில், ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய தகர ஷெட். போர்டு கிடையாது. போர்டு வைத்தால் கார்காரர்களும் வந்து தொலைப்பார்கள் என்பது அவர் கணக்கு. டீசல் வண்டி மட்டும்தான் தொடுவார். அதிலும் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் ஜீப் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். பெயரில் வேல், கழுத்தில் சிலுவை. அவருடைய அப்பா தாமல் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறி, அப்புறம் டீசல் பம்ப் பிரிக்கிற பட்டறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்து தொழில் கற்றவர். வயது ஐம்பத்தேழு. சர்க்கரை உண்டு. ஊரில் பாதி ஜீப்புக்கு வைத்தியம் பார்த்த மனிதருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு மொபெட்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூட்டிப் போவார்கள். அதற்கு அவர் சில சட்டங்கள் வைத்திருந்தார். வாங்குகிறவர் கூப்பிட்டால்தான் வருவார், விற்கிறவர் கூப்பிட்டால் வரமாட்டார். பார்த்து முடிக்கும்வரை விற்கிறவர் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். விடிந்ததும் வருவார். அதற்கு முன்னால் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. செய்திருந்தால் திரும்பிப் போய்விடுவார், அவ்வளவுதான், சண்டை சச்சரவு கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஜீப் பைத்தியம் பிடித்தது. நண்பர்களோடு மலைக்கோயில்களுக்குப் போகவேண்டும், சேறு தெறிக்க ஓட்டவேண்டும் என்று ஆசை. தென்னேரியில் ஒரு அரிசி மில்காரரிடம் ஐந்து வருஷத்து வண்டி ஒன்று இருந்தது. ராஜவேலு அண்ணனைக் கூப்பிட்டேன். காலை ஆறு மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கியவர், மில்காரர் வணக்கம் சொன்னதற்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராகப் போய் பானட்டைத் தூக்கினார். இன்ஜின்மேல் வலது உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

"சில்லுனு இருக்குது. ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

நான் ஏன் இந்தச் சடங்கு என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா தூங்குன வண்டியை எழுப்புனாதான் சிவா அதுக்கு இன்னா வியாதின்னு தெரியும். சூடாயிடுச்சுனா எல்லா நோயும் ஒளிஞ்சிக்கும். பகல்ல எல்லா வண்டியும் ஆரோக்கியமாத்தான் இருக்கும்."

வண்டி ஒரே சுழற்சியில் பிடித்துக்கொண்டது. அவர் சைலன்சருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு புகையைப் பார்த்தார். புகையில் அவருக்கு ஒரு பஞ்சாங்கமே இருந்தது. கருப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, சரிசெய்துகொள்ளலாம். நீலமாக வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது, யோசிக்கவேண்டும். வெள்ளையாக வந்து, அதில் ஒரு தித்திப்பு வாசனையும் இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறது, பேசாமல் வீடு போய்ச் சேரவேண்டும். எங்கள் வண்டியில் லேசான கருப்பு வந்து உடனே நின்றது.

அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, உள்ளிருந்து காற்று எவ்வளவு வேகமாக ஊதுகிறது என்று பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தார். மில்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாபா, புடவைக்கடையிலகூட இப்படி மோந்து பாக்கமாட்டாங்க."

"வெள்ளத்துல நின்ன வண்டின்னா சீட்டை மாத்துவாங்க, உள்ளே பூரா கழுவுவாங்க சார். பெல்ட்டை முழுசா இழுத்துக் கழுவறவன் இன்னும் பொறக்கல. அதுலதான் சேத்து வாசனை இருக்கும்" என்றார் ராஜவேலு அண்ணன், சிரிக்காமல்.

மீட்டர் காட்டிய கிலோமீட்டரைவிட பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானத்தைத்தான் நம்பினார். அடியில் டார்ச்சோடு படுத்து சேஸிஸில் துரு இருக்கிறதா, எங்காவது வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு இரண்டு தடவை ஒப்பிட்டார். நாலு டயரும் ஒரே அளவில் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் அளந்தார். ஒரு கால் நொண்டினால் நடுவில் இருக்கிற கியர் பெட்டி செத்துப்போகும் என்றார். கடைசியாக, ஏரிக்கரையை ஒட்டிய ஈர மண்ணில் இறக்கி ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டமடித்தபடி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன் அச்சில் ஏதாவது டக்டக்கென்று அடிக்கிறதா என்று கேட்டார்.

"தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டுக் காட்டறவன் ஒன்னு முட்டாளா இருக்கணும், இல்லைனா திருடனா இருக்கணும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கெட்டி ரோட்டில் போட்டால் கியர் பெட்டி உடையுமாம். "எடுத்துக்கோ சிவா. உன்னை ஏமாத்தாது."

ஆறு வருஷம் அந்த வண்டி என்னை ஏமாற்றவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும்.

ஏழாவது வருஷம், போன மாசியில் ஒரு காலை, ஸ்டார்ட் செய்தபோது ஜீப் இருமியது. ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தது. பின்னால் வெள்ளைப் புகை, தித்திப்பு வாசனை. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் தெளிந்து வழக்கம்போல ஓடியது. மறுநாளும் அப்படியே. ராத்திரி முழுக்க நின்றால் மட்டும் காலையில் இந்தக் கூத்து. நான் ராஜவேலு அண்ணனிடம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஹெட் கேஸ்கெட் கசிகிறது, ராத்திரியில் சொட்டுச் சொட்டாக உள்ளே தண்ணீர் இறங்குகிறது, ஹெட்டைக் கழற்றவேண்டும், ஹெட் நன்றாக இருந்தால் பிழைத்தீர்கள் என்றார் அவர்.

ஏன் ராஜவேலு அண்ணனிடம் போகவில்லை என்று நானே பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும். அவருக்கு வியாதி தெரிந்துவிட்டால் அப்புறம் இந்த ஊரில் அந்த வண்டியை மறைத்து விற்க முடியாது. ஆக, மெக்கானிக் கடை வாசலிலேயே என் புத்தி கோணலாகிவிட்டது. என் மனைவி இளவரசிக்கு முழங்கால் வலி, ஜீப்பில் ஏற முடியவில்லை, அதனால் விற்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். முழங்கால் வலி உண்மை. பொய்யை உண்மையில் பொதிந்து கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

வாங்க வந்தவர் மேரி. ஏனாத்தூர்க்காரர். ஜவ்வாது மலையில் தேனும் சாமையும் புளியும் வாங்கி வந்து இங்கே வீடுவீடாக விற்கிற பெண்மணி. வாடகை வண்டிக்காரர்கள் மலைப்பாதையில் ஏற மறுக்கிறார்கள் என்று சொந்தமாக ஒரு ஃபோர் வீல் தேடிக்கொண்டிருந்தார். என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது சார். எங்க சபைக்கு வர்ற வேலண்ணா பாத்து சரின்னு சொல்லிட்டார்னா எடுத்துக்கறேன்" என்றார்.

"தாராளமா வரச் சொல்லுங்கமா" என்றேன். வேலண்ணா என்று அவர் சொன்னது ராஜவேலு அண்ணனைத்தான்.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். விடியற்காலையில் யாராவது ஒரு வீட்டார் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகிற நெட்டு இழைகளை, இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தடவிக் காயவைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் அந்தத் தெருவில் சைக்கிள்கூட ஓடாது. அவசரம் என்று யார் வந்தாலும் இறங்கி ஓரமாக நடக்கவேண்டியதுதான். இது ஊர் அறிந்த வழக்கம். பாவு போட்ட தெருவில் வண்டி அசையாது என்பது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுக் குமரகுரு பாவு போடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ராஜவேலு அண்ணனை புதன்கிழமை கூட்டி வரும்படி மேரியிடம் சொன்னேன்.

அன்றைக்கு நாலரை மணிக்கு எழுந்து, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். இருமி, வெள்ளையாகக் கக்கி, தெளிந்தது. பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். நனைத்த சாக்குகளை இன்ஜின்மேல் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ரேடியேட்டரில் இருந்த சுடுதண்ணீரை வடித்துவிட்டு பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். சாக்கு சூடேற ஏற மாற்றி மாற்றிப் போட்டேன். ஐந்தரைக்கு குமரகுரு வீட்டார் வந்து பாவைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆறு மணிக்கு சாக்குகளை எடுத்து ஒளித்து, துடைத்து, விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றேன். எந்தச் சாமிக்கு அந்த விபூதி என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆறரைக்கு ராஜவேலு அண்ணன் தெருமுனையிலேயே மொபெட்டை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பாவின்மேல் மூச்சுக்கூடப் படக்கூடாது என்பதுபோல சுவரோரமாக ஒட்டி ஒட்டி வந்தார். அவருடைய அப்பா காலத்தில் அவர்கள் எங்கள் தெரு வழியாக வந்ததில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மேரியும் பின்னால் வந்தார்.

பானட்டைத் தூக்கி, கையை வைத்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில எடுத்தியா சிவா?"

நான் பொய் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். தெருவைக் கைகாட்டி, "பாவு போட்டு இருக்குதேண்ணா. எங்கே எடுக்கறது?" என்றேன்.

அவர் பாவைப் பார்த்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்புப் பட்டு இழைகள். வேலை செய்கிற மனிதர்கள். அதைப் பார்த்தபிறகு தன் கையைப் பார்த்தார். "இந்தச் சக்கரை வந்ததுல இருந்து கையி ஒரு எரிச்சலாவே இருக்குதுபா" என்று முணுமுணுத்து, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

வண்டி உடனே பிடித்தது. புகை வரவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தார், பெல்ட்டைக்கூட மோந்தார், பாவை எடுத்தபிறகு ஓட்டியும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் மற்ற எல்லாம் உண்மையிலேயே சரியாக இருந்தது. மேரியிடம், "நான் பாத்துக் குடுத்த வண்டிதாம்மா இது. எடுத்துக்கோ" என்றார். இளவரசி கொண்டுவந்த காப்பியைக் குடித்தார். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்த கையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்றரை மாதத்தில் போளூரைத் தாண்டி மலை ஏறும்போது அந்த வண்டி கொதித்து நின்றது. தேன் டின்களோடு மேரி பகல் முழுக்க ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். ராஜவேலு அண்ணன் டெம்போ வைத்துக்கொண்டு போய் இழுத்துவந்து, ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கெட் தீய்ந்து, ஹெட்டில் மயிரிழை விரிசல். அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தார்.

"சிவா, உன்கிட்ட இருந்தப்போ காலையில எப்பவாவது வெள்ளையா புகை வந்துச்சா?"

"இல்லியேண்ணா" என்றேன்.

இது நேரடிப் பொய். கணக்கில் முதல் பொய் இதுதான் என்று அப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மனுஷ மனசு இருக்கிறதே, அதைப்போல ஒரு வக்கீல் கிடையாது.

அவர் கூலி வாங்காமல் மூன்று நாள் உழைத்து மேரியின் வண்டியைச் சரிசெய்து கொடுத்தார். மேரி சண்டைக்காரி இல்லை. ஆனால் சபையில் யார் கேட்டாலும் "வேலண்ணா பாத்த வண்டிதான்" என்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? மெல்ல மெல்ல ஆட்கள் ராஜவேலு அண்ணனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரிடமும் அவரே, "என் கையி இப்ப சரியில்லபா, வேற யாரையாவது கூட்டிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஷெட் இருக்கிற சாலையை விட்டுவிட்டு நான் சுற்றிப் போக ஆரம்பித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு பெட்ரோலும் கூடுதலாகச் செலவானது.

எட்டு மாதம் போயிற்று. தை மாதத்தில் எனக்கும் தலைசுற்றல் வந்து, சர்க்கரை பார்க்க ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே பெஞ்சில் ராஜவேலு அண்ணன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நர்சிங் படிக்கிற அவர் மகள் ஷாரோன். ஓடிவிடலாம் என்று திரும்பினேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா சிவா, ஆளையே காணோம்! வா, குந்து."

உட்கார்ந்தேன். அவர் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நரம்பு பாக்கற டாக்டர்கிட்ட வந்தேன். எட்டு மாசமா மாத்திரை சாப்பிட்டுக்கினு வரேன். இன்னிக்கு ஊசி மாதிரி ஒன்னு வெச்சுக் குத்தி, சூடு வெச்சு, சில்லுனு வெச்சு, எல்லாம் பாத்தாரு. கையில நரம்பு நல்லாத்தான் இருக்குதாம்." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் எப்படி சிவா அன்னிக்கு உன் வண்டி எனக்கு வெதுவெதுன்னு தெரிஞ்சுது?"

அவர் என்னைக் குற்றம்சாட்டிக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். அந்த வண்டியின் பக்கத்தில் நின்றவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "வெயில் காலம்ண்ணா, அதனால இருக்கும்" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்றார் அவர். ஷாரோன் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அங்கிள், காப்பி குடுத்தாக்கூட இது நிஜமா சூடா இருக்குதாம்மான்னு என்னைக் கேக்கறாரு. நான் தொட்டுப் பாத்து ஆமான்னு சொன்னாதான் ஊதிக் குடிக்கறாரு."

"ஒன்னாம் தேதியில இருந்து ஒரகடத்துல ஒரு கம்பெனியில செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்பா. ஷெட்டைக் காலி பண்றேன். தொட்டுப் பாத்து சொல்றதுதான் என் தொழிலு. அதே தெரியலன்னா ஸ்பேனரை வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். என்ன அளவு வந்தது என்றுகூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இளவரசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நனைந்த சாக்கு எதற்கு என்று அன்றைக்கே கேட்டவள் அவள், எதையோ சொல்லி மழுப்பியிருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "வண்டிதான் வித்தீங்கன்னு நினைச்சேன். அவரு கையையே இல்ல புடுங்கிக்கினு வந்துட்டீங்க." அவள் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். அவர் ஸ்பேனர்களை அளவு வாரியாகச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய இரும்புக்காரர் மதியம் வருவாராம். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி வெயில் காலத்தைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"அண்ணா, அன்னிக்கு வண்டி சூடாத்தான் இருந்துச்சு."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நாலரைக்கு ஸ்டார்ட் பண்ணேன். பாவு போடறதுக்கு முன்னாடி. கேஸ்கெட் போனது எனக்குத் தெரியும். உங்க கையி சரியாத்தான் சொல்லுச்சு."

அவர் கத்துவார், ஸ்பேனரை எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார். ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல, ஒவ்வொன்றாக.

"எவ்ளோ நேரம் ஓடவிட்டே?"

"பத்து நிமிஷம்."

"ஆறரைக்கு நான் வந்தேன். ரெண்டு மணி நேரத்துல அவ்ளோ ஆறாதே."

"ஈரச் சாக்கு போட்டேன்."

"ரேடியேட்டரு?"

"பச்சைத் தண்ணி மாத்தி ஊத்தினேன்."

"பாவு?"

"குமரகுருவோடது. அவருக்கு ஒன்னும் தெரியாது. புதன்கிழமை போடறார்னு தெரிஞ்சுதான் உங்களை அன்னிக்கு வரச் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ பெரிய புதிரை அவிழ்த்துவிட்ட மனிதனைப்போல முதலில் முகம் தெளிந்தது. அப்புறம்தான் மெல்ல மெல்ல மாறியது.

"எட்டு மாசம் சிவா" என்றார். "நல்லா இருக்கிற கைக்கு எட்டு மாசம் மாத்திரை சாப்ட்டேன். நான் என் கையை நம்பல, உங்க தெரு பாவை நம்புனேன். பாவு பொய் சொல்லாதுன்னு நினைச்சேன்."

நான் அழுதேன். மேரிக்கு ஆன செலவைத் தருகிறேன், அவருக்கும் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று ஏதேதோ உளறினேன்.

"மேரிக்குக் குடுக்கறது உன் இஷ்டம். எனக்கு ஒன்னும் வேணாம். ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்சு வெளியே வர்றப்போ சபை வாசலுக்கு வா. இதை அங்க சொல்லு. நான் சொன்னா, தப்பிச்சிக்கறதுக்காக கதை விடறேன்னு சொல்லுவாங்க. என் வார்த்தைக்கு இப்ப மதிப்பு இல்ல. உன் வார்த்தைக்கு இருக்குது" என்றார்.

அதைவிட பலமாக ஒருவர் என் கன்னத்தில் அறைந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றைக்கு விபூதி பூசிக்கொள்ளக் கை வரவில்லை. இளவரசி பூசிவிட்டாள், "இதோடவே போயி சொல்லுங்க" என்றாள். ஜெபம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மேரியைக் கூப்பிட்டு நிறுத்தி, சுற்றி நின்ற முப்பது நாற்பது பேர் காதிலும் விழும்படி நாலரை மணியிலிருந்து சாக்குவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கிழவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார், யாரோ தடுத்தார்கள். தடுக்காமல் இருந்திருக்கலாம்.

மேரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணன் கையை வெச்சிட்டு உங்களைத் திரும்பிப் பாத்தாரே, அப்பகூடவா சார் உங்களுக்கு மனசு வரல?"

"வரலைமா" என்றேன். அதற்கு மேல் உண்மை என்னிடம் இல்லை.

அவர் என்னை விட்டுவிட்டு ராஜவேலு அண்ணனிடம் போய், "அண்ணா, நான்தான் எல்லார்கிட்டயும் போயி..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவிடவில்லை. "நீ இன்னாமா பண்ணுவ? வண்டி நின்னுச்சு, நின்னுச்சுன்னு சொன்ன" என்றார். ஒரு வரியில் முடிந்துவிட்டது அவருடைய மன்னிப்பு. பக்கத்திலேயே ஒருவர், செய்யாறில் ஒரு ஜீப் சொல்லி வைத்திருக்கிறேன், பார்க்க வருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "சனிக்கிழமை ஆறு மணிக்கு வரேன். அதுக்கு முன்னாடி யாரும் வண்டியைத் தொடக் கூடாது" என்றார் ராஜவேலு அண்ணன். அந்தக் குரலை நான் எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

ஒரகடம் வேலைக்கு அவர் போகவில்லை. சாக்கில் கட்டிய ஸ்பேனர்கள் மறுபடி சுவரில் ஏறிவிட்டன. இப்போது பழைய ஜீப் வாங்குகிற எல்லோரும் அவரைத்தான் கூட்டிப் போகிறார்கள்.

சபை வாசலில் கூட்டம் கலைந்தபிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கும் அதுபோல ஒரு வரி கிடைக்கும் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"நீ வந்து சொன்னதுக்கு சந்தோஷம் சிவா. ஆனா இனிமே நீ வண்டி வாங்கினாலும் சரி, வித்தாலும் சரி, என்னைக் கூப்பிடாத. என் கையை நான் நம்பறேன். நீ பக்கத்துல நின்னா நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.